நாலாயிரமாவது இஞ்சின்

பூமண்டலம் மோட்டார்ஸ் கம்பெனியில் புகார் எழுதப் படிவம் கிடையாது. புகாரே வராத கம்பெனியில் அதற்கென்று படிவம் அச்சடிப்பது காகிதத்துக்குப் பிடித்த கேடு என்று நிர்வாகக் குழு என்றைக்கோ தீர்மானம் போட்டுவிட்டது. கம்பெனியிடம் ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்று வருகிறவர்கள் 'வாடிக்கையாளர் மனநிறைவுப் பத்திரம்' என்ற இளநீலக் காகிதத்தை மூன்று பிரதிகள் நிரப்பித் தர வேண்டும். அதில் 'தங்கள் மனநிறைவின் அளவு' என்ற கேள்விக்கு எதிரே மூன்று கட்டங்கள்: நிறைவு, மிக நிறைவு, சொல்லொணா நிறைவு. ஏதாவது ஒன்றில் டிக் போடாவிட்டால் பத்திரம் செல்லாது.

திருவள்ளூர் ரயிலடி டாக்சிக்காரன் துலுக்காணம், 1974-ஆம் வருஷம் ஆடி மாதத்தில், கும்மிடிப்பூண்டி ஆலையின் வரவேற்பறையில் இந்த நீலக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விழித்துக்கொண்டிருந்தான். பிறகு இருப்பதிலேயே சின்னதான 'நிறைவு' கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில், 'இஞ்சின் செத்துப்போச்சி' என்று எழுதினான்.

செத்த இஞ்சின் சாதாரண இஞ்சின் இல்லை. 'ராஜஹம்சா' காருக்கு அவன் பணம் கட்டிப் பதிவு செய்தபோது வருஷம் 1966. அப்போது அவன் தலையில் நிறைய முடி இருந்தது. எட்டு வருஷம் அரிசி ஆலை முதலாளியின் லாரியை ஓட்டிக்கொண்டே காத்திருந்து, மாசி மாதம் வண்டியைக் கையில் வாங்கியபோது இஞ்சின் நம்பரைப் பார்த்து டீலர் ஆபீஸ் குமாஸ்தா கண்ணை விரித்தார். "ஆர்.ஹெச். 4000! ரவுண்டு நம்பர் அய்யா. அவனவன் இந்த மாதிரி நம்பருக்குத் தவம் கிடக்கிறான்" என்றவர், அந்த அதிர்ஷ்டத்துக்காகத் தனியே பத்து ரூபாயும் வாங்கிக்கொண்டார். துலுக்காணம் சந்தோஷமாகத்தான் கொடுத்தான்.

அதிர்ஷ்டம் ஆனி மாதம் வரை ஓடியது. பொதட்டூர்பேட்டை முகூர்த்தம் ஒன்றுக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும்போது, ஊருக்கு மூன்று மைல் இருக்கையில், இஞ்சின் உள்ளே யாரோ அம்மிக்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளை கரும்பு வண்டியில் ஏறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மீட்டர் 9112 கிலோமீட்டர் காட்டியது.

கம்பெனி உத்தரவாதம் ஆறு மாதம் அல்லது பத்தாயிரம் கிலோமீட்டர். இரண்டுக்கும் உள்ளேதான் வருகிறது என்று துலுக்காணம் தைரியமாக இருந்தான். இஞ்சினின் அடித்தட்டில் கம்பெனி ஓர் ஈய முத்திரை குத்தியிருந்தது. வெளி மெக்கானிக் யாராவது அதை உடைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதால் திருவள்ளூரில் ஒரு பயலையும் பானெட்டைத் திறக்க விடவில்லை. வண்டியை ஒரு செங்கல் லாரியின் பின்னால் கயிறு கட்டி, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு இழுத்துக்கொண்டு போய், ஆலையில் ஒப்படைத்துவிட்டு வந்தான்.

பதினைந்தாம் நாள் தபால் வந்தது. இஞ்சின் பழுதுக்குக் காரணம்: ஓட்டுநரின் கவனக்குறைவு. ரிப்பேர் செலவு: ஐயாயிரத்து நானூறு ரூபாய். காரணத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கட்டி, வண்டியை எடுத்துப் போகவும். கையெழுத்திட்ட தாளின் ஒரு நகல், பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பப்படும்.

"துட்டைக் கூட எங்கியாவது பொரட்டிடலாம்யா. கையெழுத்து போட்டா லைசன்சு போய்டுமே?" என்றாள் பச்சையம்மா, அவன் பெண்சாதி.

"அதான் பேஜாரு. துட்டும் போய், டிரைவர் வேலைக்கும் லாயக்கில்லன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆய்டும். இருபத்திரண்டு வருசமா ஓட்டிக்கினு கீறேன். ஒரு கோழிக்குஞ்சு கூட என் சக்கரத்துல மாட்டினது கெடையாது."

"அப்ப போய் கேளு. ஊட்ல குந்திக்கினு எங்கிட்ட சொன்னா இஞ்சின் ஓடுமா?"

அப்படித்தான் அவன் கேட்க வந்தான்.

வரவேற்பறையின் நடுச்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு புகைப்படம். ஜரிகை வேஷ்டியும் நெற்றி நிறையக் குங்குமமுமாக ஒரு பெரியவர், தலைகீழாகக் கவிழ்த்து வைத்த இஞ்சின் ஒன்றின் திறந்த வயிற்றுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். படத்தின் மேல் பருமனான சந்தன மாலை ஒன்று கீழ்ச்சட்டம் வரை தொங்கியது. துலுக்காணம் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படத்துக்கு முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டான்.

"நல்ல களையா கீறாரு பாவம். எப்போ தவறினாரு?" என்று மேஜைக்குப் பின்னால் இருந்தவரைக் கேட்டான்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பூவராகவன். வாடிக்கையாளர் மகிழ்ச்சி அதிகாரி. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவர் எங்கள் எம்.டி! மாடியில் இருக்கிறார்! இப்போதுதான் காபி சாப்பிட்டார்!"

"மாலை போட்டிருந்துதே சார், அதான்..."

"அது மரியாதை."

உயிரோடிருக்கிற மனுஷனின் படத்துக்கு மாலை போட்டு மரியாதை செய்கிற இடம் இது என்பது துலுக்காணத்துக்குத் தெரியாது. ஆனால் அவன் பேரில் அன்று திறக்கப்பட்ட கோப்பின் முதல் பக்கத்தில், முதல் குறிப்பாக, 'எம்.டி. அவர்களின் மறைவை எதிர்பார்ப்பவர்' என்று ஏறிவிட்டது. அந்தக் கம்பெனியில் கார் முடிய எட்டு வருஷம் ஆகும். கோப்பு திறக்க எட்டு நிமிஷம் போதும்.

இரண்டாவது முறை போனபோது, அவன் மனநிறைவு பதிவாகிவிட்டதாகச் சொல்லி வாழ்த்துத் தெரிவித்தார்கள். மூன்றாவது முறை போனபோது, "நான் ஒழுங்காத்தான் சார் ஓட்டினேன்" என்று அவன் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அதை நிரூபிக்க ஓட்டுத் தேர்வு ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். விதிப்படி, பழுதான அதே வண்டியைத்தான் பழுதான அதே ஓட்டுநர் ஓட்டிக் காட்ட வேண்டும். வண்டியில் இஞ்சின் இல்லை. அது கழற்றப்பட்டு ஆலைக்குள் ஒரு மேஜைமேல் கிடந்தது. விதியில் இஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்றார் தேர்வு அதிகாரி. எட்டுத் தொழிலாளர்கள் பின்னால் நின்று தள்ள, துலுக்காணம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆலை மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றினான். அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால்தான் பாரபட்சம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடிகிறது என்று அவரே சொன்னார்.

"கியர் மாற்றும்போது இஞ்சின் சத்தத்தைக் கவனிக்கவில்லை" என்று எழுதினார்.

"இஞ்சினே இல்லியே சார்."

"இல்லாத சத்தத்தைக்கூட நல்ல டிரைவர் கவனிப்பான்" என்றார் அதிகாரி. எழுதி முடித்த அறிக்கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்று, ஓட்டுநர் மிதமிஞ்சிய வேகத்தால் இஞ்சினைக் கெடுத்தார். இரண்டு, தேர்வின்போது ஓட்டுநரால் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து.

அன்று ஆலை வாசல் டீக்கடையில், வண்டியைத் தள்ளிய எட்டுப் பேரில் ஒருவர் வந்து துலுக்காணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் ஆசீர்வாதம், இஞ்சின் பிரிக்கிற பகுதியில் ஃபிட்டர். அப்பன் காலத்தில் கவரைப்பேட்டைப் பக்கம் பண்ணை வேலை செய்த குடும்பம். அதில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் இவர்தான்.

"நா சொன்னேன்னு எங்கியும் சொல்லாத நைனா. மூணு புள்ளைங்க கீது எனக்கு" என்று ஆரம்பித்தார். "ஒன் இஞ்சின பிரிச்சது நான்தான். அடில ஆயில் பம்பு கீது பாரு, அது வாயில ஒரு வலை. அந்த வலையில பந்து மாதிரி சுத்திக்கினு இருந்துச்சி வாழநாரு. ஆயில் எப்படி மேல ஏறும்? காஞ்சிபூட்டு, இஞ்சின் புட்சிக்கிச்சி."

"வாழநாரா?"

"பூக்கட்டுற வாழநாரு. நாலஞ்சு பூக்காம்பு கூட ஒட்டிக்கினு கீது. நான் இடுக்கியால எடுத்து வெச்சேன். மேலாளரு பாத்துட்டு, நீ ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிட்டாரு."

துலுக்காணம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். வண்டியை ஆலையில் விட்டபோது அடித்தட்டு முத்திரை உடையாமல் இருந்தது. இரண்டு தடவை ஆயில் மாற்றியதும் கம்பெனி சர்வீஸில்தான். பிறகு யார் வீட்டுப் பூ இஞ்சினுக்குள் போயிற்று? மறுநாளே அவன், 'இஞ்சின் உள்ள இருந்த சாமானை எனக்குக் காட்டவும்' என்று எழுதி, இந்தத் தடவை 'மிக நிறைவு' கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தான்.

அது ஆலையைக் கொஞ்சம் கலக்கிவிட்டது. உடனே 'அந்நியப் பொருள் ஆய்வுக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். தலைவர் டெபுடி ஜெனரல் மேனேஜர், ஐந்து உறுப்பினர்கள், கூட்டத்துக்கு ஒரு தடவை முந்திரி பக்கோடா. நாரைப் பரிசோதிக்க மதராஸிலிருந்து நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டு, இரண்டு நாள் விருந்தினர் விடுதியில் தங்கி, அது நார்தான் என்று சான்றளித்துவிட்டுப் போனார்.

ஆவணி முழுக்கக் கூட்டங்கள் நடந்தன. துலுக்காணம் இதற்கிடையில் ஊரில் அடுத்தவர்கள் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தான். ரயிலடியில் அவன் வண்டி நிற்கிற இடத்தில் வேறொருவன் நிறுத்த ஆரம்பித்துவிட்டான். அமாவாசைக்கு வீரராகவர் கோயிலுக்கு வருகிற கூட்டம் அவனைத் தாண்டிப் போய் மற்றவர்கள் வண்டியில் ஏறியது.

புரட்டாசியில் கடைசி விசாரணை. நீளமான மேஜையின் ஒரு பக்கம் ஆறு பேர். மறு பக்கம் துலுக்காணம் ஒருவன், நாற்காலியின் நுனியில். மேஜை நடுவே கண்ணாடிப் புட்டியில் அந்த நார்.

"உங்கள் காரில் பூ வைப்பது உண்டா?" என்று கேட்டார் டெபுடி.

"உண்டுங்க. டாஷ்போர்டுல சாமி படம் கீது. தெனம் ஒரு முழம் வெப்பேன்."

"ஒப்புக்கொள்கிறார். குறித்துக்கொள்ளுங்கள்."

"சார், டாஷ்போர்டுல வெச்ச பூ இஞ்சினுக்கு அடில எப்படி சார் போவும்? நா வண்டிய கொண்டாந்து உட்டப்ப கீழ்த் தட்டுல நீங்க போட்ட முத்திரை அப்படியே இருந்துச்சே?"

"முத்திரை மனிதர்களைத் தடுப்பதற்கு. நார்களைத் தடுப்பதற்கு அல்ல" என்றார் ஓர் உறுப்பினர்.

"நார் எந்த வழியாக உள்ளே போயிற்று என்று கண்டுபிடிப்பது நாருக்குச் சொந்தக்காரர் பொறுப்பு" என்றார் இன்னொருவர்.

டெபுடி எழுந்து நின்றார். அவருக்கு எழுந்து நின்றால்தான் பேச்சு வரும். "மிஸ்டர் துலுக்காணம், நீங்கள் இஞ்சினை ஓர் இயந்திரமாகப் பார்க்கிறீர்கள். நாங்கள் அதை ஒரு கொள்கையாகப் பார்க்கிறோம். எங்கள் இஞ்சின் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள் கெடாது, இது கொள்கை. கெட்டால், கெடுத்தது எங்கள் இஞ்சின் அல்ல, நீங்கள். இந்தக் கணத்தில் எட்டாயிரம் பேர் எங்கள் காருக்காக எட்டு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். குறையுள்ள சாமானுக்கு யாராவது எட்டு வருஷம் காத்திருப்பார்களா? அவர்கள் காத்திருப்பதே எங்கள் தரத்துக்குச் சான்று. நாளைக்கே எல்லாருக்கும் கார் கொடுத்துவிட எங்களால் முடியும். கொடுத்தால் காத்திருக்க ஆள் இருக்காது. ஆள் இல்லாவிட்டால் சான்று போய்விடும். இந்த ஆலையைக் கட்டிய நாள் முதல் எங்கள் முழு உழைப்பும் அந்த வரிசையைக் காப்பாற்றுவதில்தான் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வந்து, ஒரு முழம் நாரைக் காட்டி, எங்கள் மேல் குற்றம் சொல்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?"

ஐந்து பேரும் மேஜையைத் தட்டினார்கள். அந்த ஒரு நிமிஷம், எட்டாயிரம் பேரையும் தானே ஏமாற்றிவிட்ட மாதிரி துலுக்காணத்துக்கே இருந்தது. இந்த ஆட்களின் சாமர்த்தியம் அதில்தான். பறிகொடுத்தவனைத் திருடனாக நினைக்கப் பண்ணிவிடுவார்கள்.

தீர்ப்பை டைப் அடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் அவர்கள் சாப்பிட்டு வந்துவிடுவார்கள் என்று சொல்லி அவனைக் கீழே அனுப்பினார்கள். அவன் வரவேற்பறையில் வழக்கமான பெஞ்சில், வழக்கமான படத்துக்கு எதிரே உட்கார்ந்தான். பூவராகவனும் சாப்பிடப் போயிருந்தார். ஆயுத பூஜை நெருங்குவதால் கூட்டுகிற சின்னப்பொண்ணு முக்காலி போட்டு ஏறி, படத்தின் சந்தன மாலையைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

மாலை இறங்கியதும் படத்தின் அடியில் ஒரு பித்தளைத் தகடு தெரிந்தது. மூன்று மாதமாக அவன் பார்த்த படம்தான். தகடு இருந்ததே தெரியாது. வேலை ஒன்றும் இல்லாததால் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

'எமது ஆலையின் 4000-ஆவது இஞ்சினுள் எம்.டி. அவர்கள் தம் திருக்கரத்தால் மலர்ச்சரம் சாத்தி அருளிய காட்சி. ஆயுத பூஜை, 1973.'

துலுக்காணம் இரண்டாவது தடவை படித்தான். பிறகு எழுந்து கிட்டே போய், படத்தில் எம்.டி.யின் கையைப் பார்த்தான். இஞ்சின் வயிற்றுக்குள் போன கையிலிருந்து, இதுவரை மாலை மறைத்திருந்த ஒரு முழம் மல்லிகைச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி உள்ளே, பாதி வெளியே. ஆர்.ஹெச். 4000 என்று அவன் இந்த மூன்று மாதத்தில் நாற்பது தடவையாவது நீலக் காகிதத்தில் எழுதியிருப்பான்.

"எம்மா, இந்தப் பூவ அப்பால யாரு எடுத்தது?" என்று கேட்டான்.

"எம்.டி. அய்யா வெச்ச பூவ யாரு எடுப்பாங்க? தொட்டா வேலை போய்டும்" என்றாள் சின்னப்பொண்ணு. "அப்படியே மூடி முத்திரை குத்திட்டாங்க. நான்தான் அன்னிக்கு தரைய பெருக்கினேன்."

துலுக்காணம் மாலையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "கொஞ்ச நேரம் மாட்டாத, அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு மாடிப் படி ஏறினான். சாப்பாட்டு அறைக்குள் நுழைந்து, மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறு பேரையும் கைகூப்பிக் கீழே அழைத்தான். "நார் யாருதுன்னு கண்டுபுடிச்சிட்டேன் சார். சொந்தக்காரர் பொறுப்புன்னு சொன்னீங்க இல்ல? வந்து பாருங்க."

கை கழுவாமல் வந்தார்கள். தகட்டைப் படித்தார்கள். டெபுடி படத்தையும், இஞ்சின் நம்பர் எழுதிய துலுக்காணத்தின் ஆர்.சி. புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் சரிந்து, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக உட்கார்ந்துகொண்டே நீளமாகப் பேசினார்.

"இந்தக் கை எம்.டி. அவர்களுடையது."

"ஆமாம் சார்" என்றார்கள் ஐவரும்.

"எம்.டி. அவர்கள் கை வைத்த இஞ்சின் கெடுமா?"

"கெடாது சார்."

"அப்படியானால் நார் இஞ்சினைக் கெடுக்கவில்லை. டிரைவர் கெடுத்ததாகச் சொல்லலாமா? சொன்னால், எம்.டி. அவர்கள் ஆசி கொடுத்த இஞ்சினை ஒரு டாக்சி டிரைவர் கெடுத்துவிட முடியும் என்று ஆகும். ஆகவே டிரைவரும் கெடுக்கவில்லை. யாரும் கெடுக்கவில்லை என்றால் இஞ்சின் கெடவில்லை. கெடாத இஞ்சினுக்கு ரிப்பேர் பில் எப்படிப் போடுவது?"

"சார், கெடலன்னா அதை மாட்டி ஓட்டிக் காட்டுங்க" என்றான் துலுக்காணம்.

"இது சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த இஞ்சின். இதை ரோட்டில் ஓட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. இதை ஆலை வைத்துக்கொள்ளும். உங்களுக்கு வேறு ஒரு சாதாரண இஞ்சின் மாற்றாகத் தருகிறோம்."

மூன்று மாதம் நகராத கோப்பு மூன்று மணி நேரத்தில் நாலு மாடி ஏறி இறங்கியது. அப்போதுதான் துலுக்காணத்துக்குத் தெரிந்தது, அந்தக் கட்டிடத்தில் வேகமாக வேலை செய்யத் தெரியாதவர்கள் யாரும் இல்லை என்று. காரணம் என்ற இடத்தில் 'கம்பெனியின் பெருந்தன்மை' என்று டைப் அடித்திருந்தார்கள். துலுக்காணம் அந்தத் தாளை முழுக்கப் படித்துப் பார்த்தான். ஓட்டுநரின் கவனக்குறைவு என்ற வார்த்தை எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டான். நீலக் காகிதத்தில் 'சொல்லொணா நிறைவு' கட்டத்தில் பூவராகவனே டிக் போட்டுக்கொண்டார். அன்று மாலை அவன் கிளம்பும்போது சுவரில் படம் இல்லை. படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

வண்டி கொடுக்கிற நாளை ஆயுத பூஜையன்று வைத்தார்கள். பந்தல், நாதஸ்வரம், பத்திரிகைக்குப் படம் எடுப்பவர் எல்லாம் உண்டு. துலுக்காணத்தைக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். பச்சையம்மாவும் பட்டுப் புடவையில் வந்து ஓரமாக நின்றாள். புது இஞ்சின் பூட்டிய ராஜஹம்சா பானெட்டைத் திறந்தபடி நின்றது. எம்.டி. வெள்ளிக் கிண்ணத்திலிருந்து முதல் சொட்டு ஆயிலைத் தம் கையால் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. அதற்காக ஆயில் ஊற்றும் துவாரத்தின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

எம்.டி. பேசினார். "யந்திரம் என்பது தெய்வம். போன வருஷம் நாலாயிரமாவது இஞ்சினுக்கு நான் பூ வைத்தேன். அதன் மகிமையால்தான் அது இன்று ரோட்டில் அலைந்து தேயாமல் நம் ஆலையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. இன்றைக்கு இன்னும் சற்று நேரத்தில் ஐயாயிரமாவது இஞ்சினுக்குப் பூ வைக்கப் போகிறேன். அதற்கு முன்னால் இந்த ஏழை டிரைவரின் இஞ்சினுக்கும் ஒரு முழம் வைத்துவிட்டுப் போகலாம் என்று என் மனம் சொல்கிறது."

கைதட்டினார்கள். தாம்பாளத்தில் மல்லிகைச் சரம் வந்தது. வாழைநாரில் நெருக்கமாகக் கட்டியது. எம்.டி. ஆயிலை ஊற்றினார். பிறகு சரத்தை எடுத்து, கண்ணை மூடி, திறந்திருந்த துவாரத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"யோவ், பாத்துக்கினே நிக்கறியே!" என்று பச்சையம்மா கத்தினாள்.

துலுக்காணம் பாய்ந்தான். இருபத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்த இரண்டு கையாலும் எம்.டி.யின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "வாண்டாங்கய்யா! உட்ருங்கய்யா! பூவ எங்கிட்ட குடுங்கய்யா!" என்று அலறினான். நாதஸ்வரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எம்.டி. இழுத்தார்; இவன் விடவில்லை. அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பளிச்சென்று படம் எடுப்பவரின் விளக்கு மின்னியது. சரத்தைப் பிடுங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூடியை எடுத்துத் துவாரத்தில் திருகி முடித்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

"எவ்வளவு அன்பு பார்த்தீர்களா!" என்று எம்.டி. சிவந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பிறகு தாம்பாளத்தில் மீதியிருந்த சரத்தை எடுத்துக்கொண்டு ஆலைக்குள் போனார். எல்லாரும் கூடவே போனார்கள். துலுக்காணம் பெண்சாதியை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினான்.

வண்டி நன்றாக ஓடியது. ரயிலடி இடத்தைச் சண்டை போட்டு மீட்டான். அடுத்த ஆனி மாதம், கடைசி இலவச சர்வீசுக்காகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனபோது, பழக்க தோஷத்தால் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவனுடைய பழைய இஞ்சின், வெள்ளிப் பூச்சு அடித்து, குங்குமப் பொட்டோடு இருந்தது. சுவரில் வெள்ளையாக இருந்த இடத்தில் புதுப் படம். அது பழைய படத்தைவிடச் சின்னது; சுற்றிலும் வெள்ளை விளிம்பு தெரிந்தது. பக்கத்தில் எம்.டி.யின் இன்னொரு பெரிய படம். இரண்டுக்கும் சந்தன மாலை. முக்காலி மேல் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சின்னப் படத்தின் மாலையை ஒதுக்கிக் காட்டினாள். படத்தில் அவனே, முகத்தைக் கோணிக்கொண்டு, எம்.டி.யின் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். தகட்டில்: 'நன்றிப் பெருக்கால் எம்.டி. அவர்களின் கையை விட மறுக்கும் வாடிக்கையாளர்.'

"யாருங்க தவறினது?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். தோளில் துண்டு, மடியில் நீலக் காகிதம். மாலை போட்ட படங்களைப் பார்த்துக் கைகூப்பியபடி நின்றான். "நைனா, இதுல டிக்கு எங்க போடணும்? என் வண்டி இஞ்சின் புட்சிக்கிச்சி. ஒம்பதாயிரம் கிலோமீட்டர் கூட ஓடல."

துலுக்காணம் அவன் பக்கம் திரும்பினான்.

"இஞ்சின் நம்பர் இன்னா?"

"ஐயாயிரம்ங்க. ரவுண்டு நம்பரு. அதுக்குன்னு தனியா பதினைஞ்சு ரூபா குடுத்து வாங்கினேன்."

"ஒக்காரு" என்று அவனுக்கு பெஞ்சில் இடம் விட்டான் துலுக்காணம். பிறகு முக்காலியின் மேல் நின்றவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "எம்மா சின்னப்பொண்ணு, அந்தப் பெரிய படத்து மாலையையும் கொஞ்சம் எறக்கு."